பிள்ளையை கோடிங் பக்கம் தள்ளலாமா? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. பெரியப்பா மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான், எதிர்வீட்டுப் பெண் டல்லாஸில் இருக்கிறாள், நம் பிள்ளையையும் இப்போதே, கணினிக்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் ஒரு கோடிங் வகுப்பில் சேர்த்துவிட்டால் என்ன? அதே வாரம் ஏதோ ஒரு ஐ.டி. நிறுவனம் ஆட்களைக் குறைக்கிறது என்று செய்தி வரும். இனிமேல் ஏஐயே (செயற்கை நுண்ணறிவு) கோட் எழுதிவிடுமாம் என்று மாமா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். உடனே, ‘அது வேண்டாம், வேறு ஏதாவது பார்க்கலாம்’ என்று பேச்சு திரும்பும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடிங்கைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அதையே வேலையாக எடுக்கச் சொல்லி, பத்தாம் வகுப்பு முடியும்வரை யாரையும் தள்ளாதீர்கள். கற்றுக்கொள்வது ஒரு விஷயம், பிழைப்பாக வைத்துக்கொள்வது இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பணமும் போகிறது, பிள்ளைக்கு வெறுப்பும் வருகிறது. எந்த வயதில் எதைச் செய்யலாம், எந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்பதை தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி நடைமுறையை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆசை யாருடையது என்று பாருங்கள்

2000-ல் சென்னை தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்த பிறகு, ஒரு தலைமுறை நடுத்தரக் குடும்பங்கள் ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் வழியாகத்தான் மேலே ஏறின. வாத்தியார் வீட்டுப் பையன், கண்டக்டர் வீட்டுப் பெண் என்று பலர் அப்படி வந்தவர்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கணக்கை இன்றைய எண்களை வைத்துப் போட வேண்டும்.

மற்ற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுக்கும் பெரிய சேவை நிறுவனங்கள் கல்லூரி கேம்பஸில் புதிதாக எடுப்பவருக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அந்தக் காலத்தில் அந்தச் சம்பளத்துக்குப் பெருங்குடியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு இன்று அந்த வாடகைக்குக் கிடைக்காது. இன்னொரு பக்கம், சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களில் அதே வயதுப் பிள்ளை பல மடங்கு வாங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டுமே ‘ஐ.டி. வேலை’தான், உள்ளே தேர்வுமுறை, வேலையின் தரம், சம்பளம் எல்லாமே வேறு வேறு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் நடுநிலை, மூத்தநிலையில் இருந்தவர்கள். ‘ஒருமுறை உள்ளே போய்விட்டால் ரிட்டயர்மெண்ட் வரை கவலையில்லை’ என்று நம் அப்பாக்கள் அரசு வேலையைப் பற்றிச் சொன்னதை இதற்குச் சொல்ல முடியாது.

அதனால் கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒரு தாளில் ‘நம் பிள்ளை ஏன் இதைப் படிக்க வேண்டும்’ என்று மூன்று காரணம் எழுதிப் பாருங்கள். சம்பளம், வெளிநாடு, கல்யாணச் சந்தை மதிப்பு என்று மூன்றும் வந்தால், அந்தத் தாளில் பிள்ளை எங்கும் இல்லை என்று அர்த்தம். காரணங்கள் தப்பு என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு அது பிடிக்குமா என்று இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: வேலையை அருகில் கொண்டுபோய்க் காட்டுங்கள்

டாக்டர் என்ன செய்வார் என்று பிள்ளைக்குத் தெரியும், ஊசி போடுவார். மெக்கானிக்கையும் பார்த்திருக்கும். சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று முக்கால்வாசி வீடுகளில் பெரியவர்களுக்கே தெரியாது. ஏசி அறை, லேப்டாப், கழுத்தில் ஐ.டி. கார்டு, இதுதான் நம் கண்ணில் இருக்கும் படம்.

சொந்தத்தில் ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ள யாராவது இருந்தால், பொங்கல் விடுமுறைக்கு வரும்போது பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். ‘எவ்வளவு சம்பளம்ணா?’ என்பதைப் பிள்ளையே கேட்கும், கேட்கட்டும். ஆனால் இவற்றையும் கேட்கச் சொல்லுங்கள்: நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள்? அதில் புதிதாகக் கோட் எழுதியது எவ்வளவு நேரம்? கடைசியாக ராத்திரி எழுப்பி வேலை பார்க்கச் சொன்னது எப்போது? ஒரே பிழையை அதிகபட்சம் எத்தனை நாள் தேடியிருக்கிறீர்கள்?

நேர்மையான பதில்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பாதி நாள் மீட்டிங்கில் போகும். மீதியில் பெரும்பகுதி, மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொருவர் எழுதிவிட்டுப் போன கோடைப் படித்துப் புரிந்துகொள்வதில் போகும். புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு ராத்திரி. இதைக் கேட்ட பிறகும் பிள்ளையின் கண் விரிந்தால் நல்ல அறிகுறி. ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுருங்கினாலும் நல்லதுதான், நான்கு வருடமும் சில லட்சமும் மிச்சம்.

மூன்றாம் படி: எட்டு முதல் பன்னிரண்டு வயது, வகுப்பு வேண்டாம், விளையாட்டு போதும்

இந்த வயதில் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. கணினிகூட முதலில் வேண்டாம். பாட்டியும் பேரப்பிள்ளையும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். பிள்ளை கையில் ஒரு புள்ளிக் கோலப் படம், பாட்டி கையில் வெற்றுத் தாளும் பென்சிலும். பிள்ளை வாயால் மட்டும் சொல்ல வேண்டும், சொன்னதை மட்டுமே பாட்டி போட வேண்டும். ‘அஞ்சு புள்ளி, மூணு வரைக்கும்’ என்று பிள்ளை சொல்லும். ‘நேர்ப்புள்ளியா, இடுக்குப் புள்ளியா?’ என்று பாட்டி கேட்பார். தனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றை எதிரில் இருப்பவருக்குத் துளி சந்தேகம் இல்லாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தக் கேள்வியில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். கணினிக்குக் கட்டளை எழுதுவதில் பாதி வேலை இதுதான். பாட்டியாவது திருப்பிக் கேட்கிறார், கணினி தனக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டுப் போகும்.

அப்புறம் ஸ்கிராட்ச், பிள்ளைகளுக்கான கோடிங் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, முழுக்க இலவசம். பிரவுசரிலேயே ஓடும், இணையம் சரியில்லாத வீட்டில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். வண்ணக் கட்டளைக் கட்டங்களை ஒன்றோடு ஒன்று கோர்த்தால் திரையில் பூனை நடக்கும், குதிக்கும், பேசும். பிள்ளைகள் முதலில் செய்ய விரும்புவது பெரும்பாலும் ‘மேலிருந்து பழம் விழும், பூனை பிடிக்கும், பிடித்தால் ஒரு மார்க்’ என்ற விளையாட்டுதான். ஒரு ஞாயிறு மதியத்தில் செய்துவிடலாம்.

அதில் கட்டாயம் ஒரு கோளாறு வரும். ஒரு பழத்தைப் பிடித்தால் மார்க் ஒன்றுக்குப் பதிலாக ஏழு, எட்டு, பத்து என்று தாவும். ‘அம்மா, ஸ்கோர் தப்பா ஏறுது!’ என்று சத்தம் வரும். காரணம் எளிது. பழம் பூனையைத் தொடுகிறதா என்று கணினி ஒரு வினாடிக்கு முப்பது முறை பார்க்கிறது. பழம் பூனையின் மேலே விழுந்து கடந்து போகும் அந்தக் கால் வினாடியில், பார்க்கும் ஒவ்வொரு முறையும் ‘ஆமாம், தொடுகிறது’ என்று ஒரு மார்க் போடுகிறது. தொட்ட உடனே பழத்தை மறுபடி மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும்.

இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். மவுஸை வாங்கித் திருத்திக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ‘நீ என்ன நடக்கணும்னு நினைச்ச? இப்போ என்ன நடக்குது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு பிள்ளை லேப்டாப்பை மூடிவிட்டு விளையாடப் போகும். ஒரு பிள்ளை ‘நீயே சரி பண்ணிக் கொடு’ என்று மடியில் ஏறும். ஒரு பிள்ளை மார்க் ஒன்று என்று இருப்பதை அரை என்று மாற்றிப் பார்க்கும், பழம் விழும் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும், வேகம் கூடினால் மார்க் குறைவாக ஏறுகிறது என்று கண்டுபிடிக்கும், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லி அரை மணி நேரம் எழாது.

இந்தத் தொழிலுக்கு யார் பொருந்துவார்கள் என்று காட்டும் அறிகுறி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்: பிழை வரும்போது பிள்ளை என்ன செய்கிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு, செல்போனை வேகமாக இயக்குவது, வீடியோ கேமில் கெட்டிக்காரத்தனம், இவற்றை எல்லாம் பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். அவை வேறு திறமைகள். தப்பாக ஓடும் ஒன்றின் முன்னால் எரிச்சல்படாமல், அல்லது எரிச்சல்பட்டுக்கொண்டே, உட்கார முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு நாளை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பசியாக இருந்திருக்கலாம், தூக்கம் வந்திருக்கலாம். ஓரிரு வருடம் அவ்வப்போது கவனித்தால் ஒரு போக்கு தெரியும்.

இடையில் ஒன்று. ஒரே ஒரு லேப்டாப் இருக்கும் வீட்டில் மவுஸ் அண்ணன் கையில்தான் இருக்கும், தங்கை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். பிறகு ‘அவளுக்கு இதில் ஆர்வம் இல்லை’ என்று சொல்லிவிடுவோம். இருவருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கிவிட்டு அப்புறம் ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம்.

நான்காம் படி: பதின்மூன்று முதல் பதினைந்து, நிஜமான மொழி ஒன்று

ஸ்கிராட்ச் சலித்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் போகலாம். சலிக்கவில்லை என்றால் அங்கேயே இருக்கட்டும், அவசரம் இல்லை. பைத்தான் இலவசம். சாதாரணப் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் இதற்குத் தாராளம். கேமிங் லேப்டாப் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அது கோடிங்குக்காகக் கேட்கவில்லை. போனில் மட்டும் கற்றுக்கொள்வது சிரமம். கீபோர்டில் அடித்து, பிழை வந்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் தொடுதிரையில் வராது.

பாடத்துக்கு எங்கே போவது? தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பதினொன்றாம் வகுப்பில் சி++ என்ற இன்னொரு மொழி, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கிறது. பாடநூல்களைத் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் பைத்தான் பாடங்களைப் படிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. கணியம் அறக்கட்டளை தமிழில் கணினிப் பாடங்களையும் மின்னூல்களையும் இலவசமாக வெளியிடுகிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வீடியோக்களும் இலவசம்தான், ஆனால் அவை கல்லூரி அளவிலானவை, பொறுமை வேண்டும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுவார்கள். சரளமாகப் பேசுவது இந்தக் கட்டத்தில் தேவையில்லை. பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும், அதில் திரும்பத் திரும்ப வருவது நாற்பது ஐம்பது சொற்கள்தான். பிள்ளையே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் பழகிவிடும். வேலைக்குப் போகும்போது பேச்சு ஆங்கிலமும் வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அதற்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது.

செய்து பார்க்க வீட்டுக்குள்ளேயே விஷயங்கள் கிடைக்கும். மாதப் பால் கணக்கு: எந்த நாள் எத்தனை பாக்கெட், எந்த நாள் வாங்கவில்லை, மாதக் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டும். அப்பாவின் கடைக்குக் கடன் நோட்டு. கிரிக்கெட் அணியின் ரன் சராசரி. இப்படிச் சொந்தமாக ஒன்றைத் தொடங்கி முடித்த பிள்ளைக்கு, வகுப்பில் இருபது பயிற்சிகளைப் பார்த்து எழுதிய பிள்ளையைவிட அதிகம் தெரியும்.

தமிழை வைத்து விளையாடச் சொன்னால் இன்னும் சுவாரசியம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்குத் தெரிந்து த, மி, ழ், மூன்றுதான். கணினி ‘மி’யை ம என்றும் இகரக் குறி என்றும் இரண்டாக எண்ணுகிறது, ‘ழ்’ஐ ழ என்றும் புள்ளி என்றும் இரண்டாக எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் தமிழ் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. சரி, மூன்று என்று சொல்ல வைப்பது எப்படி? எந்தக் குறிகளை எண்ணாமல் விட வேண்டும்? ஒளவைக்கும் க்ஷ-வுக்கும் என்ன செய்வது? ஒரு பிள்ளை இதில் இரண்டு நாள் மூழ்கிவிட்டால், அதற்கு யாரும் எதையும் ஊக்குவிக்க வேண்டியதில்லை. நீங்கள் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

புதிர்களில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு இந்தியக் கணினி ஒலிம்பியாட் என்று ஒன்று இருப்பதைச் சொல்லுங்கள். அதன் முதல் சுற்றுகளில் ஒன்று காகிதத்தில் எழுதும் தேர்வு, கோடிங் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, யோசனை மட்டும்தான். வெல்ல வேண்டாம், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே தெரியும் யாருக்கு அது பிடிக்கிறது என்று.

ஐந்தாம் படி: காசு கேட்பவர்களிடம் கேள்வி கேளுங்கள்

2020 ஊரடங்கு நேரம் நினைவிருக்கும். உங்கள் ஆறு வயதுப் பிள்ளை ஆப் செய்து கோடீஸ்வரன் ஆகப் போகிறான் என்கிற தொனியில் விளம்பரங்கள் வீட்டுக்குள் கொட்டின. புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் என்று சொன்னதையும் சிலர் விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். விளம்பரத் தரத்தைக் கண்காணிக்கும் ஏஎஸ்சிஐ அமைப்பு தலையிட்டு, அப்படி வந்த சில விளம்பரங்களை விலக்கச் சொன்னது. அலை அடங்கிவிட்டாலும் அதே வியாபாரம் இப்போது ‘குழந்தைகளுக்கு ஏஐ’ என்ற பெயரில் ஊர் ஊராக வருகிறது.

சேர்க்கும் முன் நான்கு கேள்வி. முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கிறார்களா, மாதாமாதம் கட்டலாமா? இரண்டாவது மாதம் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா, எழுத்தில் இருக்கிறதா? ‘இலவச’ வகுப்பு முடிந்ததும் உடனே தவணைக் கடனுக்கு ஆதார் கேட்கிறார்களா? போன வருடம் படித்த பிள்ளை செய்ததைத் திறந்து, அந்தப் பிள்ளையையே விளக்கச் சொல்ல முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதிலாகச் சான்றிதழை எடுத்துக் காட்டினால், எழுந்து வந்துவிடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கோடிங் சான்றிதழை எந்தக் கல்லூரியும் கேட்காது, எந்த நிறுவனமும் பார்க்காது.

ஆறாம் படி: பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப்

முதல் நிஜமான முடிவு இங்கேதான் வருகிறது. நிறைய வீடுகளில் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்கும்’ என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200-க்கான கட்ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலில் பிள்ளை நூறு எடுத்தாலும் அந்தக் கணக்கில் அது வராது. பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளையும் அதே கட்ஆஃபில் அதே சீட்டை எடுக்கலாம். ஆக, பிள்ளைக்கு உயிரியலும் பிடிக்கும், இன்னும் குழப்பமாக இருக்கிறது என்றால் பயோ-மேத்ஸ் இரண்டு கதவையும் திறந்து வைக்கிறது. கோடிங் பிடித்துவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் கணினி அறிவியல் குரூப். கணிதத்தை விட்டுவிடாமல் இருப்பதுதான் இரண்டிலும் முக்கியம்.

வணிகவியல் குரூப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் பிள்ளைக்குப் பொறியியல் வழி அடைபடும், பிசிஏ (கணினிப் பயன்பாட்டு இளநிலைப் பட்டம்) போன்ற வழிகள் இருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி தகுதி மாறுவதால் விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ, அதன்பின் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு என்ற பாதையை நகரத்துப் பெற்றோர் தாழ்வாகப் பார்க்கிறார்கள். கைவேலையாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது நல்ல பாதை.

ஏழாம் படி: பன்னிரண்டுக்குப் பிறகு, பணத்தோடு சேர்த்து முடிவெடுங்கள்

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. கட்ஆஃப் 140 வருகிறது, நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, உடனே நிலத்தை விற்று மேனேஜ்மெண்ட் கோட்டாவில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ சீட். தயவுசெய்து செய்யாதீர்கள். சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐடி, ஏஐ, சைபர் செக்யூரிட்டி என்று பெயர்கள் பெருகியிருக்கின்றன, முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றுதான். பெயருக்காகப் பத்து லட்சம் கூடுதலாகக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. இசிஇ, இஇஇ (மின்னணு, மின்துறைப் பொறியியல்), மெக்கானிக்கல் படித்த பிள்ளைகளையும் சேவை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கல்லூரியைப் பற்றி விசாரிக்க புரோக்கர் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. முந்தைய ஆண்டுகளின் கட்ஆஃப் விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். பிளேஸ்மெண்ட் போஸ்டரில் சிரிக்கும் முகங்களை நம்பாதீர்கள். கல்லூரி வாசலில் டீக்கடையில் நின்று நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ‘உங்க கிளாஸ்ல எத்தனை பேர், இதுவரை ஆஃபர் லெட்டர் கையில வந்தது எத்தனை பேருக்கு?’ என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலிலும் இருக்கிறது, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பொறியியல் தவிர்த்த பாதைகளும் உறுதியானவைதான். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பிசிஏ மூன்றாண்டு, செலவு குறைவு, வேண்டுமானால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்சிஏ. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. அவர்களே நடத்தும் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் இருந்தபடி வேறொரு கல்லூரிப் படிப்போடு சேர்த்தும் படிக்கிறார்கள், இடையில் நிறுத்தினால் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். பாடம் கடினம், பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு முதல் கட்டத்திலேயே திணறுபவர்கள் நிறைய. பன்னிரண்டாவது அல்லது டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும், ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பள்ளியும் இருக்கிறது. அங்கே பட்டம் கிடையாது. பட்டம் இல்லாமல் பிள்ளையைப் பார்க்க உங்கள் குடும்பத்துக்கு மனம் ஒப்புமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், நுழைவுத் தேர்வில் தேறிய பிறகு வீட்டில் சண்டை போடுவது நன்றாக இருக்காது.

எட்டாம் படி: ஏஐ வந்துவிட்டதே?

இதற்குப் பயந்து விலகவும் வேண்டாம், ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று தள்ளவும் வேண்டாம். நடப்பது என்ன என்றால், புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதல் ஒன்றிரண்டு வருடம் செய்துவந்த வேலைகளை, அதாவது சின்னப் பிழைகளைத் திருத்துவது, ஒரே மாதிரிப் படிவங்களை எழுதுவது, சோதனைகள் எழுதுவது போன்றவற்றை, இப்போது ஏஐ கருவிகள் நன்றாகவே செய்கின்றன. ஏணியின் கீழ்ப்படிகள் மெலிந்துவிட்டன. ஏனோதானோவென்று படித்து, பயிற்சி வகுப்பில் கேள்வி-பதில் மனப்பாடம் செய்து உள்ளே நுழையும் வழி சுருங்குகிறது. ஏஐ எழுதிக் கொடுத்ததைப் படித்து, எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. மூன்றாம் படியில் சொன்ன, பிழையின் முன்னால் உட்காரும் குணத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

அதனால் வீட்டில் ஒரு விதி வையுங்கள். முதல் ஒரு வருடம் ஏஐயிடம் கோட் எழுதித் தரச் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு கேட்கலாம், ஆனால் அது கொடுத்த ஒவ்வொரு வரியும் எதற்கு என்று பிள்ளை உங்களுக்கு விளக்க வேண்டும். உங்களுக்குக் கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை மழுப்பினால் அம்மாவுக்குத் தெரியாதா என்ன!

இப்போது ஆறாவது படிக்கும் பிள்ளை வேலை தேட இன்னும் பத்து வருடம் ஆகும். 2001-லும் 2008-லும் ‘ஐ.டி. முடிந்தது’ என்று இதே தமிழ்நாட்டில் பேசினார்கள், அப்புறம் வேலைகள் வந்தன. இந்த முறையும் அப்படியே திரும்பும் என்று சொல்ல ஆதாரம் இல்லை, முடிந்துவிட்டது என்று சொல்லவும் இல்லை.

ஒன்பதாம் படி: சேர்ந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள்

கல்லூரியில் சேர்த்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைப்போம். இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள். ‘மார்க் எவ்வளவு?’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த வருஷம் நீயா, யாரும் சொல்லாம, ஏதாவது செஞ்சியாப்பா?’ என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரியிலேயே நடக்கின்றன, கோடை விடுமுறையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் தேடலாம்.

பிடிக்கவே இல்லை என்று பிள்ளை வாய்திறந்து சொன்னால், அதைச் சொல்ல அதற்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று யோசித்துவிட்டுப் பதில் பேசுங்கள். கோட் எழுதாத வேலைகள் அதே துறைக்குள்ளேயே உண்டு: டெஸ்டிங், வாடிக்கையாளர் சேவை, பிசினஸ் அனலிஸ்ட், டிசைன். பட்டத்தை வைத்து வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி என்று போகலாம். கணக்காளர், சிவில் இன்ஜினியர், உயிரியல் ஆய்வாளர் என எந்த வேலைக்குப் போனாலும், இருநூறு எக்செல் கோப்புகளை ஒரு சின்ன பைத்தான் நிரலால் ஒன்றாக்கத் தெரிந்த பிள்ளைக்கு அலுவலகத்தில் தனி மரியாதை கிடைக்கும்.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் ஒரு கணக்கையும் இந்தப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கடைசி ஆண்டில் அந்தக் கடன் தொகையைப் பார்த்துத்தான் பிள்ளை வேலையைத் தேர்ந்தெடுக்கும். கிடைத்த முதல் ஆஃபரைப் பிடித்துக்கொண்டு, பிடிக்காத வேலையில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலரை அங்கே உட்கார வைத்திருப்பது அந்தத் தவணைதான்.